அனுமதியல்ல, அறிவிப்பு!

கத்தார் நாட்டிலே வேலை மாற, பழைய முதலாளியின் 'ஆட்சேபணையில்லாச் சான்று' வேண்டும் என்றிருந்தது. அவர் மறுத்தால்? அடங்கிக் கிடக்க வேண்டும்! அந்த அடிமைச் சீட்டை 2020-ஆம் ஆண்டுச் சட்டம் கிழித்தெறிந்தது. இனி அனுமதி தேவையில்லை, அறிவிப்புப் போதும். ஈராண்டு வரை உழைத்தவர் ஒரு மாதம், அதற்கு மேற்பட்டவர் இரண்டு மாதம் முன்னதாக, தொழில் அமைச்சகத்தின் வழியே தெரிவிக்க வேண்டும்.

சொல்லாமல் வெளியேறினால்? 'ஓடிப்போனான்' என்று புகார் பறக்கும்; உழைத்தவன் குற்றவாளியாவான்! சட்டம் வந்த பின்னும் அப்படிப் பொய்ப் புகார் கொடுத்த முதலாளிகள் உண்டு. அவர்கள் கையிலே நாமே வாளைக் கொடுப்பதா?

கடல் கடந்து உழைக்கும் தோழர்களே! அறிவிப்பைப் பதியுங்கள், சான்றைக் காப்பாற்றுங்கள், கடைசி நாள் வரை உழைத்து, கூலியைக் கேட்டு வாங்குங்கள். விலகுவது உரிமை, அறிவித்து விலகுவதே அதற்கு அரண்!