கொடையா, கூலியா?

உணவகத்திற் பரிசாரகருக்குக் கொடுக்கும் 'ரிப்ஸ்' என்பதற்கு நம்மவர் வழங்கும் பெயர் 'சந்தோசம்'. ஐக்கிய அமெரிக்காவில் இன்று அதனாற் சந்தோசமடைவோர் எவருமிலர். உண்டவர் பணம் செலுத்த முற்படும்போது 18, 20, 25 வீதம் எனக் கணக்குத் திரையே தொகையை விதந்துரைக்கின்றது. முன்னர் 10 வீதமும் பின்னர் 15 வீதமும் போதுமானவையாயிருந்தன. கோப்பியை நாமே பெற்றுச் செல்லும் கடையிலும் அத்திரை நம்மை நோக்கித் திருப்பப்படுகின்றது. ஐந்தாண்டுகளுக்கு முன்பிருந்ததைவிடக் கூடுதலான இடங்களில் இது எதிர்பார்க்கப்படுவதாக, 2023இல் பியூ ஆய்வு நிலையத்தின் கணிப்பில் 72 வீதமானோர் கூறினர். இதனைப் பரிசாரகரின் பேராசை எனப் பழிப்போர் பலர். அப்பழி பிழையான வாசலில் இறக்கப்பட்ட பழியாகும்.

உணவின் விலை ஏறினால் அதன் 15 வீதமும் தானாகவே ஏறும். அவ்வாறிருக்க, வீதமும் ஏன் ஏறவேண்டும்? விடை சம்பளப் புத்தகத்தில் உள்ளது. ஆகக்குறைந்த கூலியின் ஒரு பகுதியைச் சந்தோசப் பணத்தைக் கொண்டே ஈடுசெய்ய 1966ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் முதலாளிக்கு இடமளித்தது. சமஷ்டிச் சட்டப்படி அவர் தம் கையிலிருந்து கொடுக்கவேண்டியது மணித்தியாலத்துக்கு 2 டொலர் 13 சதம் மட்டுமே. 1991 தொட்டு இத்தொகை அசையவில்லை. அன்று அது பொதுக் கூலியான 4 டொலர் 25 சதத்தின் பாதி. பொதுக் கூலி 2009இல் 7 டொலர் 25 சதமாக உயர்ந்தது. பரிசாரகரின் 2 டொலர் 13 சதமோ அப்படியே நின்றது. எஞ்சிய 5 டொலர் 12 சதம் உண்பவரின் தலையில் விழுந்தது. சந்தோசம் போதாதவிடத்து முதலாளியே நிரப்பவேண்டும் என்பதும் சட்டந்தான். ஆனால், அடுத்த வாரத்து வேலை நேரத்துக்காக அதே முதலாளியின் முகம் பார்த்து நிற்பவர் அதனை எவ்வாறு கேட்பார்?

இவ்வேற்பாட்டின் பிறப்பும் பெருமைக்குரியதன்று. உள்நாட்டுப் போரின் பின்னர் புல்மன் கம்பனி, அடிமைத்தளையினின்று நீங்கிய கறுப்பின மக்களைப் புகையிரதத் துயிற்பெட்டிகளில் ஏவலாளராக அமர்த்தி, சொற்பக் கூலி கொடுத்து, மிகுதியைப் பயணிகளின் தயவில் விட்டது. அவர்கள் 1925இற் சங்கம் அமைத்தனர். கம்பனியை ஒப்பந்தத்துக்குக் கொணர 1937 வரை போராட வேண்டியிருந்தது.

முழுக் கூலியைப் பரிசாரகரிற் பலரே விரும்பவில்லையே என்பர் சிலர். உண்மை. 2024இல் மசாசூசெற்ஸ் மாநில வாக்காளர் அத்தகைய பிரேரணையை நிராகரித்தனர். சந்தோசப் பணம் வற்றிவிடும் என்ற அச்சம் பரிசாரகரிடையேயும் இருந்தது. (அச்சத்தை ஊட்டியவர் யாரென்பது வேறு கதை.) ஆயினும் கலிபோர்ணியா, வாஷிங்டன், மினசோட்டா உள்ளிட்ட ஏழு மாநிலங்களில் முழுக் கூலி நெடுங்காலமாகச் சட்டமாயிருக்கின்றது. அங்கு உணவகங்களும் நடைபெறுகின்றன, சந்தோசமும் கொடுக்கப்படுகின்றது.

திரையில் 'இல்லை' என்பதை அழுத்திவிட்டுச் சுரண்டலை எதிர்த்ததாக எண்ணுவோரும் உளர். அன்றிரவு முதலாளியின் கணக்கில் ஒரு சதமேனும் குறைவதில்லை. குறைவது தட்டேந்தி நின்றவரின் வீட்டு வாடகை. நமது நாட்டு உணவகச் சிட்டைகளிலும் 10 வீதச் சேவைக் கட்டணம் அச்சாகி வருகின்றது. அது எவர் கையைச் சேர்கின்றது என்று, உண்டு எழுந்த நம்மில் எத்தனைபேர் இதுவரை கேட்டிருக்கின்றோம்?