தொலைக்காட்சித் திரை விளையாட்டு மைதானத்துக்கு ஈடாகுமா?

சிறுவர்களின் உடற்பருமனுக்கு வீடியோ விளையாட்டுகளும் ஒரு காரணம் எனப் பெற்றோரும் வைத்தியர்களும் நீண்ட காலமாகவே குறை கூறி வந்துள்ளனர். பாடசாலை விட்டு வீடு திரும்பும் பிள்ளை, புத்தகப் பையை ஒரு மூலையில் வைத்துவிட்டுத் திரைக்கு முன்னால் அமர்ந்தால் இரவு உணவு வரை எழுந்திருப்பதில்லை என்பது உலகின் பல பாகங்களிலும் கேட்கும் முறைப்பாடாகும். ஆனால், நோய்க்குக் காரணம் எனப்பட்ட அதே வீடியோ விளையாட்டை நோய்க்கு மருந்தாகவும் மாற்றலாம் என்றதொரு எண்ணம் கடந்த இருபது ஆண்டுகளில் மேற்கு நாடுகளில் வேரூன்றியது. விரல்களை மட்டுமன்றி உடல் முழுவதையும் அசைத்து விளையாட வேண்டிய வீடியோ விளையாட்டுகளை உடற்பருமன் மிக்க சிறுவர்களிடம் கொடுத்தால், அவர்கள் தம்மை அறியாமலேயே உடற்பயிற்சி செய்வார்கள் என்பதே அந்த எண்ணம். இந்த நம்பிக்கை எந்தளவுக்கு மெய்ப்பட்டது என்பதை ஆராய்வதற்குப் போதுமான ஆய்வுகள் இப்போது எம்முன் உள்ளன.

பிரச்சினை சிறியதல்ல. 5 முதல் 19 வயது வரையானோரில் உடற்பருமன் உடையவர்களின் வீதம் 9.4 ஆக உயர்ந்து, நிறை குறைந்தவர்களின் வீதமான 9.2 ஐத் தாண்டிவிட்டதாக 2025 ஆம் ஆண்டில் யுனிசெப் நிறுவனம் அறிவித்தது. உலக வரலாற்றில் இது ஒரு திருப்பமாகும். மறுபுறத்தில், 5 முதல் 17 வயது வரையான பிள்ளைகள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடங்களாவது உடலை வருத்தி இயங்க வேண்டும் என உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகின்றது. 2016 ஆம் ஆண்டுவரையான தரவுகளைக் கொண்டு அந்த ஸ்தாபனம் 2019 இல் வெளியிட்ட ஆய்வின்படி, 11 முதல் 17 வயது வரையான பாடசாலை மாணவரில் 81 சதவீதமானோர் இந்த அளவை எட்டவில்லை. மாணவிகளில் இது 85 சதவீதமாகவும் மாணவர்களில் 78 சதவீதமாகவும் இருந்தது.

உடலை அசைத்து விளையாடும் இயந்திரங்களின் கதை ஜப்பானில் தொடங்குகின்றது. 1998 இல் கொனாமி நிறுவனம் 'டான்ஸ் டான்ஸ் ரெவலூஷன்' என்ற விளையாட்டை அறிமுகப்படுத்தியது. திரையில் தோன்றும் அம்புக்குறிகளுக்கு ஏற்பக் காலடியில் உள்ள பலகையை மிதித்து ஆடுவதே அதன் முறை. 2006 இன் இறுதியில் நின்டென்டோ நிறுவனத்தின் 'வீ' கருவி சந்தைக்கு வந்தது. கையிலுள்ள கட்டுப்படுத்தியை டென்னிஸ் மட்டையைப் போல வீசினால் திரையில் பந்து பறந்தது. அக்கருவி 10 கோடிக்கும் மேல் விற்பனையானது. 2010 இல் மைக்ரோசொப்ட் நிறுவனம் வெளியிட்ட 'கினெக்ட்' கருவியோ கையில் எதனையும் பிடிக்கத் தேவையின்றி, விளையாடுபவரின் உடலசைவைக் கமெரா மூலம் படித்தது.

இவ்வியந்திரங்கள் விளையாட்டுப் பொருட்களாக மட்டும் நோக்கப்படவில்லை. அமெரிக்காவில் உடற்பருமன் மிகுந்த மாநிலங்களில் ஒன்றான மேற்கு வேர்ஜினியா, தனது 765 அரச பாடசாலைகளிலும் மேற்படி நடன விளையாட்டைப் புகுத்தப்போவதாக 2006 ஆம் ஆண்டு ஜனவரியில் அறிவித்தது. 2010 இல் அமெரிக்க இதயச் சங்கம் நின்டென்டோ நிறுவனத்துடன் கைகோர்த்து, 'வீ' கருவிக்குத் தனது இலச்சினையையே வழங்கியது.

இந்த நம்பிக்கைக்கு நியாயமான அடிப்படை இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. உடல் பருத்த பிள்ளைக்கு மைதானம் பல வேளைகளில் அவமானம் நிகழும் இடமாகவே இருக்கின்றது. அணி பிரிக்கும்போது கடைசியாகத் தெரிவு செய்யப்படுவதும், ஓட்டத்தில் பின்தங்கும்போது எழும் சிரிப்பும், பட்டப் பெயர்களும் அப்பிள்ளையை மைதானத்திலிருந்து நிரந்தரமாகத் துரத்திவிடுகின்றன. வீட்டு வரவேற்பறையில் திரைக்கு முன்னால் ஆடும்போது எவரும் சிரிப்பதில்லை. இயந்திரம் கேலி செய்வதில்லை. தோற்றவருக்கும் மீண்டுமொரு வாய்ப்பை வழங்குகின்றது. ஓடப் பயந்த பிள்ளை அங்கு வியர்க்க வியர்க்க ஆடுவதைக் கண்ட பெற்றோர் மகிழ்ந்ததில் வியப்பில்லை.

எனினும், ஆய்வாளர்கள் அளவிடத் தொடங்கியபோது வேறொரு தோற்றம் வெளிப்பட்டது. இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் 13 முதல் 15 வயது வரையான 11 பேரைக் கொண்டு நடத்தப்பட்ட சிறிய ஆய்வொன்று 2007 டிசம்பரில் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வெளியானது. அமர்ந்து விளையாடும் வீடியோ விளையாட்டை விட 'வீ' விளையாட்டின்போது உடல் குறைந்தது 51 சதவீதம் அதிக சக்தியைச் செலவிட்டது உண்மையே. ஆயினும், உண்மையான டென்னிஸ் அல்லது குத்துச்சண்டைக்குத் தேவையான சக்தியை அது நெருங்கவில்லை. அமர்ந்து விளையாடும் நேரம் முழுவதையும் இவ்விளையாட்டுக்கு மாற்றினாலும், ஒரு வாரத்தில் செலவாகும் மொத்த சக்தி 2 சதவீதம்கூட அதிகரிக்காது என அவர்கள் கணித்தனர்.

இதனிலும் முக்கியமானது அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் நடந்த ஆய்வாகும். 9 முதல் 12 வயது வரையான 78 பிள்ளைகளின் வீடுகளுக்கு 'வீ' கருவி வழங்கப்பட்டது. ஒரு சாராருக்கு உடலை அசைக்கும் விளையாட்டுகளும், மறு சாராருக்கு அமர்ந்தே விளையாடும் விளையாட்டுகளும் கொடுக்கப்பட்டன. அதன் பின்னர் வழமையான வீட்டுச் சூழலில் அவர்கள் விடப்பட்டனர். உடலில் அணிவிக்கப்பட்ட சிறு கருவிகள் 13 வாரங்களில் பல தடவைகள் அவர்களது அசைவுகளைப் பதிவு செய்தன. 2012 இல் வெளியான முடிவு தெளிவானது. இரு சாராருக்குமிடையே உடலியக்கத்தில் எவ்வித வேறுபாடும் காணப்படவில்லை. வெளியே விளையாடுவது பாதுகாப்பற்றது எனப் பெற்றோர் கருதிய அயலில் வாழ்ந்த பிள்ளைகளுக்கும் இவ்விளையாட்டுகள் பயனளிக்கவில்லை என்பதுதான் இங்கு கவனிக்கப்பட வேண்டியது. மைதானம் இல்லாத பிள்ளைக்கு மைதானத்தைப் பெட்டியில் அடைத்துக் கொடுக்கலாம் என்ற வாதம் ஆட்டம் கண்டது இங்கேயாகும்.

இதற்கான காரணங்கள் விளங்கிக்கொள்ளக் கடினமானவை அல்ல. பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். கையை முழுதாக வீசாமல் மணிக்கட்டைச் சற்றுத் திருப்பினாலே 'வீ' டென்னிஸில் பந்து பறக்கும் என்பதை அவர்கள் விரைவிலேயே கண்டுகொள்கின்றனர்; நாற்காலியில் சாய்ந்தபடியே வெல்லவும் கற்றுக்கொள்கின்றனர். சிலர் விளையாட்டில் செலவிட்ட சக்திக்கு ஈடாக நாளின் ஏனைய வேளைகளில் ஓய்ந்து இருந்துவிடவும் கூடும். எல்லாவற்றுக்கும் மேலாகப் புதுமை தேய்ந்துவிடுகின்றது. 2016 இல் உலகையே தெருவில் இறக்கி நடக்கவைத்த 'போகிமொன் கோ' விளையாட்டைப் பற்றி ஹார்வார்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அமெரிக்க இளைஞர் மத்தியில் மேற்கொண்ட ஆய்வு இதற்கு நல்ல சான்றாகும். முதல் வாரத்தில் நாளொன்றுக்கு 955 காலடிகள் அதிகமாக நடந்தவர்கள், ஆறாவது வாரத்தில் பழைய நிலைக்கே திரும்பிவிட்டனர்.

அவ்வாறாயின் இம்முயற்சி முழுவதுமே வீண்தானா? அப்படிக் கூறுவதும் தவறாகும். நியூஸிலாந்தில் உடல் நிறை கூடிய 10 முதல் 14 வயது வரையான 322 பிள்ளைகளிடம் 24 வாரங்கள் நடத்தப்பட்டு 2011 இல் வெளியான ஆய்வில், உடலை அசைக்கும் விளையாட்டு வழங்கப்பட்டவர்களின் உடல் நிறைச் சுட்டி மற்றவர்களுடையதை விடச் சற்றே குறைவாக இருந்தது. வேறுபாடு 0.24 மட்டுமே. அது சிறியதாயினும் பூச்சியம் அல்ல.

அமெரிக்காவில் 2014 இல் வெளியான மற்றுமோர் ஆய்வு மேலும் நம்பிக்கை தருகின்றது. நிறை கூடிய 75 பிள்ளைகள் தமது குடும்பத்தினருடன் 16 வார கால நிறை கட்டுப்பாட்டுத் திட்டமொன்றில் சேர்க்கப்பட்டனர். உணவுப் பழக்கம், உடலியக்கம் பற்றிய ஆலோசனைகள் அனைவருக்கும் பொதுவாக வழங்கப்பட்டன. அவர்களில் ஒரு பகுதியினருக்கு 'கினெக்ட்' கருவியும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது. கருவி பெற்றவர்கள் நாளொன்றுக்கு 7.4 நிமிடங்கள் அதிகமாக உடலை வருத்தி இயங்கினர். அவர்களது மிகை நிறையின் குறைவும் மற்றவர்களை விட ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது.

லூசியானா மாநிலத்தின் பெனிங்டன் ஆய்வு நிலையம் 2018 இல் வெளியிட்ட முடிவும் இதனையே உறுதிப்படுத்துகின்றது. அங்கு 10 முதல் 12 வயது வரையான 46 பிள்ளைகளில் பாதிப் பேர் 24 வாரங்களுக்கு, வாரத்தில் மூன்று மணித்தியாலங்கள் விளையாடும்படி கேட்கப்பட்டனர். ஒரு நண்பனோ குடும்பத்தவரோ உடன் விளையாடினார். பயிற்றுநர் ஒருவர் வீடியோ அழைப்பின் மூலம் பிள்ளையுடனும் பெற்றோருடனும் பேசி ஊக்கமளித்து வந்தார். 23 குடும்பங்களில் 22 குடும்பங்கள் இறுதிவரை நின்றன. பிள்ளைகளின் நிறையில் மட்டுமன்றி, இரத்த அழுத்தத்திலும் கொலஸ்ட்ரோல் அளவிலும் முன்னேற்றம் காணப்பட்டது.

ஹூஸ்டனில் தோற்றதும் லூசியானாவில் வென்றதும் ஏறக்குறைய ஒரே வகையான இயந்திரங்களே. வேறுபட்டது இயந்திரமல்ல, அதன் அருகில் நின்ற மனிதரே ஆவார். பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனபோது பிள்ளை அசையவில்லை. உடன் ஆடுவதற்கு ஒருவரும், 'எப்படி இருக்கிறாய்' என்று விசாரிப்பதற்கு ஒருவரும், சமையலறையில் மாற்றம் செய்யும் பெற்றோரும் இருந்தபோது பிள்ளை அசைந்தது. மனிதர் துணையின்றிக் கொடுக்கப்படும் கருவி ஏட்டுச் சுரைக்காயைப் போலக் கறிக்கு உதவாது போய்விடுகின்றது.

இங்கு அரசுகளும் சுகாதாரத் துறையினரும் கவனிக்க வேண்டிய இன்னொரு விடயமும் உண்டு. நிறுவனங்களின் நோக்கம் வர்த்தகமே. அதில் தவறு காண முடியாது. ஆனால், பொதுச் சுகாதாரத்தை அதன் மீது கட்டியெழுப்ப முடியாது. மேற்படி இரு வெற்றிகளுக்கும் துணைநின்ற 'கினெக்ட்' கருவியின் உற்பத்தியை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2017 இலேயே நிறுத்திவிட்டது. லூசியானா ஆய்வின் முடிவு வெளிவந்தபோது அதில் பயன்பட்ட கருவியே உற்பத்தியில் இருக்கவில்லை! இன்று தலையில் அணியும் மெய்நிகர் கருவிகள் அதே வாக்குறுதிகளுடன் வருகின்றன. உள்ளூராட்சி சபையொன்று அமைக்கும் மைதானமோ, நிழல் தரும் நடைபாதையோ இவ்வாறு சில ஆண்டுகளில் காலாவதியாகிவிடுவதில்லை. பாதுகாப்பான திறந்தவெளியை அமைக்கும் கடமையிலிருந்து தப்புவதற்கு ஒரு பெட்டியைக் காட்டுவது ஏழைப் பிள்ளைகளுக்குச் செய்யும் அநீதியாகும்.

யுனிசெப் அறிக்கையின்படி, நிறை குறைந்த பிள்ளைகளை விட உடற்பருமன் கூடிய பிள்ளைகள் அதிகமாகிவிடாத இரு பிராந்தியங்களில் தெற்காசியாவும் ஒன்று. அதனால் இது எமக்குரிய பிரச்சினை அல்லவென ஒதுங்கிவிட முடியாது. எமது நகரங்களில் பிள்ளைகளின் மாலைப் பொழுதையும் வார இறுதியையும் தனியார் வகுப்புகள் விழுங்கிவிடுகின்றன. புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கும்போது பத்து வயதுப் பிள்ளைக்கும் விளையாட்டு மறுக்கப்படுகின்றது. பெண் பிள்ளைகளின் நிலை இன்னும் இறுக்கமானது. பருவமடைந்த பின்னர் வெளியில் ஓடி விளையாட இடமும் சூழலும் அவர்களில் பலருக்குக் கிடைப்பதில்லை. உலகளாவிய கணக்கிலும் அவர்களே பின்தங்கியிருக்கின்றனர். அத்தகைய வீட்டில் தாயும் மகளும் சேர்ந்து திரைக்கு முன்னால் அரை மணி நேரம் ஆடுவது நிச்சயம் நன்மையே. அதற்கு விலையுயர்ந்த இயந்திரம் தேவையுமில்லை. ஒரு பாட்டும் சிறிது இடமும் போதும்.

எனவே, வசதியுள்ள பெற்றோர் இக்கருவியை வாங்குவதில் தவறில்லை. ஆனால், வாங்கிக் கொடுத்துவிட்டு அடுத்த அறைக்குச் செல்பவர்கள் தமது பணத்துக்குப் பயன் எதிர்பார்க்கலாகாது. பிள்ளையின் பக்கத்தில் நின்று தாமும் கையை வீசி, தோற்று, சிரிக்க ஆயத்தமாக உள்ள பெற்றோருக்கே அது பயன் தரும். பருத்த உடலுடன் கூச்சப்பட்டு ஒதுங்கி நிற்கும் பிள்ளைக்கு முதலில் தேவைப்படுவது தன்னுடன் விளையாட வரும் ஒருவரே. அந்த ஒருவரை எந்த நிறுவனத்தாலும் பெட்டியில் அடைத்து விற்க முடியாது.