பழைய பெயர், புதிய கணக்கு

லினக்ஸ் 3.14 வெளிவந்தது 2014 மார்ச் 30. பதினெட்டு நாள் கழித்து, ஏப்ரல் 17 அன்று, உபுண்டு 14.04 வந்தது. அதில் இருந்த கெர்னல் 3.13. ஒரே ஒரு பதிப்பு வித்தியாசம்தான். ஆனால் ப்ராக் அடைவில் உள்ள மெம்இன்ஃபோ கோப்பில் ‘மெம்அவெய்லபிள்’ என்ற வரி சேர்ந்ததே 3.14-இல்தான். புதிய நிரல்களுக்கு இன்னும் எவ்வளவு நினைவகம் கொடுக்க முடியும் என்பதைக் கெர்னலே மதிப்பிட்டுச் சொல்லும் வரி அது. 14.04-ஐ அப்படியே நிறுவியவர்களுக்கு அது கிடைக்கவில்லை.

இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளக் காரணம் கேரளப் பள்ளிகள். அங்கே ஐடி அட் ஸ்கூல் என்று தொடங்கி 2017-இல் ‘கைட்’ நிறுவனமாக மாறிய அமைப்பு, உபுண்டுவை அடிப்படையாக வைத்துத் தன் சொந்த லினக்ஸ் தொகுப்பைத் தருகிறது. 14.04, 18.04, 22.04 என்று அந்த வரிசை வந்திருக்கிறது. 2018-இல் தொடங்கிய ஹைடெக் பள்ளித் திட்டம் மட்டுமே 4,752 பள்ளிகளில் 45,000 வகுப்பறைகளைத் தொட்டது. பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்து எல்லைக் கிராமங்களும் இந்த ஏற்பாட்டுக்குள் வருபவைதான். களியக்காவிளை வந்துவிட்டால் தமிழ்நாடு. பாடத்திட்டம் வேறு, கணினி வந்த வழியும் வேறு. கேரளத்தின் தகவல் தொழில்நுட்பப் பாடநூல் மலையாளம், ஆங்கிலம், கன்னடத்தோடு தமிழிலும் அச்சாகிறது. ஆய்வகக் கணினி இழுத்துக்கொண்டு நின்றால் அந்தப் பள்ளியின் ஐடி ஒருங்கிணைப்பாளரான எஸ்ஐடிசி ஆசிரியர்தான் முதலில் பார்க்க வேண்டும். அவர் கணக்கோ வேதியியலோ நடத்துபவராக இருப்பார். டெர்மினலில் ‘ஃப்ரீ’ என்று தட்டுவார். வருகிற எண்ணை வைத்து, ரேம் போதவில்லை என்று எழுதி அனுப்புவதா வேண்டாமா என்று தீர்மானிப்பார்.

அந்த எண்ணைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். 2 ஜிபி ரேம் உள்ள ஒரு கணினியில் ஜிம்ப், ஜியோஜீப்ரா, ஃபயர்ஃபாக்ஸ் மூன்றும் திறந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். மெம்ஃப்ரீ 120 எம்பி, கேஷ்டு 900 எம்பி என்று காட்டுகிறது. பழைய பழக்கப்படி இரண்டையும் கூட்டினால் 1,020 எம்பி கைவசம் இருக்கிறது. ஆனால் கேஷ்டு என்ற வரிக்குள்ளேயே ‘ஷ்மெம்’ ஒளிந்திருக்கிறது. டெம்ப்எஃப்எஸ் கோப்புகள், நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் நினைவகம், இன்டெல் கிராஃபிக்ஸ் டிரைவரின் பஃபர்கள் எல்லாம் அதில் சேரும். இவற்றைக் கோப்புக் கேஷ் போலத் தூக்கி எறிந்துவிட முடியாது. ஸ்வாப்புக்குத்தான் அனுப்ப முடியும். ஷ்மெம் 400 எம்பி என்றால் உண்மையில் கையில் இருப்பது 600-ஐ ஒட்டித்தான். ரிக் வான் ரீல் மெம்அவெய்லபிளைச் சேர்த்தபோது சொன்ன காரணமும் இதுவே: ஃப்ரீயையும் கேஷ்டையும் கூட்டும் வழக்கம் பத்தாண்டுக்கு முன்பு சரி, இன்று தவறு. அந்த வரியின் இன்றைய கணக்கு, கெர்னல் ஒதுக்கி வைக்கும் பக்கங்களை முதலில் கழித்துவிடுகிறது. அதன்பின் கோப்புக் கேஷில் பாதி, கீழ் வாட்டர்மார்க் ஆகிய இரண்டில் எது சிறியதோ அதைத் தொடாமல் விடுகிறது. கேஷ் முழுவதையும் பிடுங்கினால் கணினி ஓடாது என்பது அதற்குத் தெரியும். மீட்கக்கூடிய ஸ்லாபுக்கும் இதே நிதானம்தான்.

நம் துறையினர் கவனிக்க வேண்டியது அந்தச் சூத்திரத்தை மட்டுமல்ல. அந்த பாட்சில் சி நிரலோடு ஆவணத்துக்கான பத்தியும் சேர்ந்தே வந்தது. இது என்ன மதிப்பீடு, எதைச் சேர்க்கிறது, எதைச் சேர்க்காது என்பது நிரல் நுழைந்த அன்றே எழுதப்பட்டுவிட்டது. 2018 இறுதியில் 4.20-இல் யோஹன்னஸ் வைனர் கொண்டுவந்த பிஎஸ்ஐ அழுத்த அளவீடும் தன் ஆவணத்தைக் கையோடு கொண்டுவந்தது.

எல்லா வரிகளுக்கும் இந்த யோகம் இல்லை. மெம்இன்ஃபோவில் ‘விமாலக்யூஸ்டு’ என்று ஒரு வரி உண்டு. அதைக் கணக்கிட, கெர்னல் தன் விமாலக் பகுதிகள் முழுவதையும் ஒவ்வொரு முறையும் நடந்து பார்க்க வேண்டியிருந்தது. ஜிலிப்சியின் சில பதிப்புகளோ நிரல் தொடங்கும் போதெல்லாம் மெம்இன்ஃபோவைப் படித்தன. லினஸ் டோர்வால்ட்ஸ் 4.4-க்காக அந்தக் கணக்கையே எடுத்துவிட்டார். வரியை எடுக்கவில்லை, ஏனென்றால் அதைத் தேடும் நிரல்கள் உடையும். அதனால் 4.4 முதல் அந்த வரி பூஜ்யம் காட்டியது. 5.3-இல் செலவில்லாமல் எண்ணும் வழி வந்தது, எண்ணும் திரும்ப வந்தது. பக்கத்து வரியான விமாலக்சங்க் இன்றும் பூஜ்யம்தான். என்எஃப்எஸ் அன்ஸ்டேபிள் வரியும் அப்படியே.

இப்போது ஓர் ஆய்வகத்தை 18.04-இலிருந்து 22.04-க்கு மாற்றுவதை நினைத்துப் பாருங்கள். 18.04 முதலில் கொண்டுவந்த கெர்னல் 4.15, அங்கே விமாலக்யூஸ்டு பூஜ்யம். 22.04-இல் 5.15; அங்கே அது மெய்யான எண். இரண்டு கோப்புகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும் ஒருவர், புதிய தொகுப்பில் கெர்னல் நினைவகத்தைக் கசியவிடுகிறது என்று சந்தேகிப்பது இயல்பு. முதல் பூஜ்யம் ‘ஒன்றுமில்லை’ என்பதல்ல, ‘எண்ணவில்லை’ என்பது. அந்த வேறுபாடு கோப்பில் எங்கும் தெரியாது. மேன் பக்கத்தில் ஒரு வரியாக இருக்கிறது. அதைத் தேடிப் போகிறவர் எத்தனை பேர்?

பயனர் நிரலை உடைக்காதே என்ற கெர்னலின் கொள்கை நல்லதுதான். நாம் எல்லோரும் அதன் பலனை அனுபவிக்கிறோம். ஆனால் அதற்கு ஒரு பின்விளைவு இருக்கிறது. பெயர் நிற்கும், பொருள் நகரும். பெயரே மாறிவிட்டால் நல்லது என்றுகூடச் சொல்வேன். விஎம்ஸ்டாட்டில் ‘வொர்க்கிங்செட் ரீஃபால்ட்’ என்று ஒன்றாக இருந்த எண்ணி 5.9-இல் அனான், ஃபைல் என இரண்டாகப் பிரிந்தது. பழைய பெயரைத் தேடிய ஸ்கிரிப்ட் வெறுங்கையோடு திரும்பியது, எழுதியவர் உடனே கவனித்தார். பொருள் மட்டும் நகர்ந்தால் எந்த ஸ்கிரிப்டும் புகார் சொல்லாது. (கேபி என்று அச்சிட்டுவிட்டு 1,024 பைட்டால் எண்ணுவதை நாம் எல்லோரும் எப்போதோ மன்னித்துவிட்டோம்.)

கெர்னலுக்கு வெளியேயும் இதே கதை. ப்ராக்ப்ஸ் தொகுப்பின் 3.3 வரிசையின் பிந்தைய பதிப்புகளில் ‘ஃப்ரீ’ கட்டளையின் யூஸ்டு பத்தி, மொத்தத்தில் ஃப்ரீ, பஃபர், கேஷ் போக மீதி. 4-ஆம் வரிசையில் அது மொத்தத்தில் அவெய்லபிள் போக மீதி. மேலே சொன்ன 400 எம்பி ஷ்மெம், 22.04-இல் கேஷ் பத்தியில் மட்டும் உட்கார்ந்திருக்கும், 24.04-இல் யூஸ்டு பத்தியிலும் சேர்ந்துவிடும். அதே கணினி, அதே வேலை. புதிய கணக்கு மேலானது என்பதே என் கருத்து, ஆனால் இரண்டு ஆண்டுகளின் பதிவேட்டை ஒப்பிடுகிறவருக்கு அது ஆறுதல் ஆகாது.

ஆக, ஒரு புள்ளிவிவரத்தை ஆவணப்படுத்துவது என்றால் அகராதி போலப் பெயருக்கு எதிரே ஒரு சொற்றொடர் எழுதுவது அல்ல. ‘விமாலக் பகுதியில் பயன்பட்ட அளவு’ என்ற விளக்கம் 4.15-இல் நின்று படித்தால் தவறு, 5.15-இல் சரி. எந்தப் பதிப்பிலிருந்து, எதை எண்ணுகிறது, எந்த வரியோடு மேற்பொருந்துகிறது, பூஜ்யம் எதைக் குறிக்கிறது, எவ்வளவு துல்லியம் என்பவை தேவை. இயங்கும் நிரல் ஒன்றின் ஆர்எஸ்எஸ் எண் துல்லியமற்றது என்று மேன் பக்கம் வெளிப்படையாக எச்சரிக்கிறது. அது போன்ற நேர்மை விஎம்ஸ்டாட்டின் நூற்றுக்கும் மேற்பட்ட வரிகளில் பெரும்பாலானவற்றுக்கு எழுத்தில் கிடைக்கவில்லை. சிகுரூப் இரண்டாம் பதிப்பின் மெமரி ஸ்டாட் ஆவணம் இதைவிட ஒரு படி மேல்: புதிய வரி நடுவிலும் வரலாம், இடத்தை நம்பாதே, பெயரைத் தேடு என்று படிப்பவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறது.

கெர்னல் ஆவணங்களில் சில சீனம், ஜப்பானியம், கொரியம், இத்தாலியம், ஸ்பானியத்தில் கெர்னல் மூலத்தோடே கிடைக்கின்றன. தமிழில் இல்லை. முழுவதையும் தமிழாக்க ஆள் திரட்டுவதைவிட, பாறசாலையில் உள்ள ஆசிரியருக்கு இன்று பயன்படக்கூடியதை முதலில் எழுதுவதே உகந்தது என்று நினைக்கிறேன். 4.15, 5.15, 24.04-இல் வந்த 6.8 ஆகிய மூன்று கெர்னல்களுக்கும் மெம்இன்ஃபோவின் ஒவ்வொரு வரியையும் பதிப்புவாரியாக விளக்கும் அட்டவணையை அடுத்த இதழிலிருந்து பகுதி பகுதியாக வெளியிடுகிறோம். பள்ளி ஆய்வகங்களைப் பராமரிப்பவர்கள் தங்கள் கணினியின் மெம்இன்ஃபோ நகலை, அப்போது என்னென்ன நிரல்கள் திறந்திருந்தன என்ற குறிப்போடு அனுப்பலாம். கட்டுரையாளர்களுக்கு ஒரு விதி: நினைவக எண் எதையாவது மேற்கோள் காட்டினால் கெர்னல் பதிப்பும், ‘ஃப்ரீ’ கட்டளையிலிருந்து எடுத்ததாக இருந்தால் ப்ராக்ப்ஸ் பதிப்பும் கூடவே வர வேண்டும். இவை இல்லாத அட்டவணைகளை இந்த இதழிலிருந்து திருப்பி அனுப்புவோம்.