திசு வளர்ப்புக் கன்று: சான்று கேட்டு வாங்குங்கள்

தேனி மாவட்டத்தில் திசு வளர்ப்பு வாழையைத் தெரியாத விவசாயி இல்லை. ஒரே சமயத்தில் நட்டு, ஏறக்குறைய ஒரே சமயத்தில் தார் வெட்டும் வசதி அதில் கிடைத்தது. அந்த நம்பிக்கையில் ஏலக்காய்க்கும் மூலிகைகளுக்கும் திசு வளர்ப்புக் கன்று தேடுவது இயல்புதான். ஆனால், வாழையில் பலித்தது எல்லாப் பயிரிலும் அப்படியே பலித்துவிடாது.

முதலில், பயிருக்கு அது தேவையா என்று பாருங்கள். செங்காந்தள் கிழங்கு கவட்டை போல இரண்டாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு நுனியிலும் பெரும்பாலும் ஒரு முளைதான். நுனி ஒடிந்தால் அந்தப் பக்கம் முளைக்காது. விதை போட்டாலோ பூக்க 3, 4 ஆண்டுகள் ஆகும். இதனால்தான் விதைக்கிழங்கு விலை ஏறுகிறது. காட்டுக் கிழங்கையும் தோண்டுகிறார்கள். ஆய்வகம் கைகொடுக்க வேண்டியது இத்தகைய பயிருக்குத்தான். மருந்துக்கூர்க்கன் நுனித்தண்டை வெட்டி நட்டாலே பிடித்துக்கொள்ளும். அவுரியும் நித்தியகல்யாணியும் விதையிலேயே வரும். இவற்றுக்குக் கூடுதல் விலை கொடுப்பது வீண் செலவு.

ஏலக்காயில் சங்கதி வேறு. கட்டே நோய் விதை வழியாகப் பரவாது. நோய் கண்ட தூரைப் பிரித்து நட்டால் கூடவே வரும். நோயில்லாத, நன்றாகக் காய்க்கும் தாய்ச்செடியிலிருந்து எடுத்த திசு வளர்ப்புக் கன்று அந்த ஆபத்தைத் தவிர்க்கும். ஆனால் நோயில்லாத கன்று வேறு, நோய் தாக்காத கன்று வேறு. பக்கத்தில் நோய்ச்செடி நின்றால், அசுவினி அதைப் புதுக்கன்றுக்கும் கொண்டுவந்துவிடும். எனவே, பழைய நோய்த்தூர்களைத் தோண்டி அழித்த பிறகே நடுங்கள்.

பாட்டிலில் வளர்ந்த செடியின் இலையில் மெழுகுப் பூச்சு குறைவு. வெயிலும் காற்றும் பட்டால் வாடிவிடும். பசுமைக்குடிலிலும் பிறகு நிழல்வலையிலும் படிப்படியாகப் பழக்கிய கன்றா என்று விசாரித்து வாங்குங்கள்.

மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை, திசு வளர்ப்புக் கன்றுகளுக்கான தேசியச் சான்றளிப்புத் திட்டத்தை 2006 முதல் நடத்துகிறது. வைரஸ் இல்லை, தாய்ச்செடியின் குணம் மாறவில்லை என்று சோதித்து இதில் சான்று தரப்படுகிறது. விற்பவரிடம் அந்தச் சான்றையும், ரகப் பெயருடன் ரசீதையும் கேளுங்கள். மூலிகை என்றால், விளைச்சலை யார், என்ன விலைக்கு வாங்குவார் என்பதையும் எழுத்தில் பெறுங்கள். 'நாங்களே எடுத்துக்கொள்கிறோம்' என்ற வாய்ச்சொல் அறுவடைக்கு உதவாது.

அரசுக்கும் கடமை உண்டு. பெரியகுளத்தில் தோட்டக்கலைக் கல்லூரி இருக்கிறது. மலைக்கு மேலே, இடுக்கி மாவட்டம் மயிலாடும்பாறையில் ஏலக்காய் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. தேவாரம், போடி அடிவாரத்தில் கன்றுகளைப் பழக்கும் நாற்றங்காலும், சிறு விவசாயிகளின் நிலத்தில் செயல்விளக்கத் திடலும் அமைப்பது தோட்டக்கலைத் துறைக்கு முடியாத காரியமல்ல. அதுவரை, ஏக்கர் முழுவதும் நட்டுவிடாமல் சில சென்ட்டில் நட்டுப் பாருங்கள். பலன் தெரிந்த பிறகு பரப்பைக் கூட்டலாம்.