வங்கியும் சமஷ்டியும்

சமஷ்டி ஆட்சி கேட்கும் தமிழ் பேசும் மக்களை நோக்கி வீசப்படும் கேள்விகளுள் ஒன்று பணத்தைப் பற்றியது. "மாகாணத்துக்கு அதிகாரம் போனால் நாணயம் என்னாகும்? வங்கிகள் என்னாகும்? ஒரு வீட்டுக்கு இரண்டு பணப்பெட்டியா?" என்று கேட்கின்றனர். கேள்வியைத் தட்டிக்கழிக்க நாம் விரும்பவில்லை. நிலம், பொலிஸ் ஆகிய இரண்டையும் பற்றி இந்நாட்டு அரசியலில் ஒலிக்கும் குரல் கடனைப் பற்றி ஒலிப்பதில்லை. விதைப்புக் காலம் வந்ததும் கமக்காரன் முதலில் தேடுவதோ கடனைத்தான். ஆகவே, சமஷ்டி நாடொன்று தன் வங்கிகளை எவ்விதம் ஆளுகின்றது என்பதை ஐக்கிய அமெரிக்காவின் சட்டங்களைக் கொண்டு ஆராய்வோம்.

வங்கி அமைக்கும் அதிகாரம் மத்திய காங்கிரசுக்கு உண்டென்று அமெரிக்க அரசியற் சட்டத்தில் ஒரு வரியேனும் இல்லை. 1791இல் முதலாவது தேசிய வங்கி அமைக்கப்பட்டபோது ஹமில்டன் அதனை ஆதரித்தார், ஜெபர்சன் எதிர்த்தார். பின்னர் எழுந்த இரண்டாவது வங்கியின்மீது மேரிலண்ட் மாநிலம் வரி விதித்தது. 1819இல் பிரதம நீதியரசர் மார்ஷல் தலைமையில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது: வங்கி அமைக்கக் காங்கிரசுக்கு அதிகாரம் உண்டு, அதன்மீது வரி விதிக்க மாநிலத்துக்கு அதிகாரம் இல்லை. மத்திய அரசு வென்றது. எனினும் தம் எல்லைக்குள் வங்கிகளுக்கு உரிமம் வழங்கும் உரிமையை மாநிலங்கள் இழக்கவில்லை.

உள்நாட்டுப் போரின் நடுவே, 1863இலும் 1864இலும், தேசிய வங்கிச் சட்டங்கள் பிறந்தன. 1865இல் மாநில வங்கிகளின் தாள் நாணயத்துக்கு நூற்றுக்கு 10 வீத வரி விதிக்கப்பட்டது. அத்தாள்கள் மறைந்தன, நாணயம் ஒன்றாயிற்று. மாநில வங்கிகளும் அத்தோடு மறையும் என எண்ணியோர் ஏமாந்தனர். அவை வைப்புப் பணத்தையும் காசோலையையும் நம்பி வளர்ந்தன. இன்றும் மத்திய உரிமம் பெற்ற வங்கியும் மாநில உரிமம் பெற்ற வங்கியும் ஒரே தெருவில் தொழில் நடத்துகின்றன. நாணயம் ஒன்றாயிருக்க உரிமம் வழங்கும் கைகள் இரண்டாயிருப்பதால் அந்நாடு சிதறிவிடவில்லை.

1907இல் பெரும் பண நெருக்கடி ஏற்பட்டது. மத்திய வங்கி வேண்டும் என்ற குரல் எழுந்தது. அதிகாரமெல்லாம் நியூயோர்க்கின் பெருவங்கிகளிடம் குவிந்துவிடும் என்று தெற்கிலும் மேற்கிலும் வாழ்ந்த கமக்காரர் அஞ்சினர். அந்த அச்சத்துக்கும் விடையாகவே 1913ஆம் ஆண்டுச் சமஷ்டி ஒதுக்கு வங்கிச் சட்டம் அமைந்தது. வாஷிங்டனில் ஒரு சபையும், பொஸ்டன் முதல் சான் பிரான்சிஸ்கோ வரை பன்னிரண்டு வட்டார வங்கிகளும் தோன்றின. ஒவ்வொரு வட்டார வங்கிக்கும் ஒன்பது பணிப்பாளர்கள். அவர்களுள் மூவர், அவ்வட்டாரத்தில் வணிகத்திலோ விவசாயத்திலோ கைத்தொழிலிலோ ஈடுபட்டவர்களாக இருத்தல் வேண்டும் என அச்சட்டம் விதித்தது. இவ்வட்டாரங்கள் மாநில எல்லைகளோடு ஒத்தவையல்ல. மாநில அரசுகளின் கீழ் உள்ளவையுமல்ல. ஆயினும் வட்டி வீதத்தைத் தீர்மானிக்கும் பன்னிருவர் குழுவில் ஏழு வாக்குகள் வாஷிங்டன் சபைக்கு உரியவை; ஐந்து வாக்குகள் வட்டார வங்கித் தலைவர்களுக்கு உரியவை. தலைநகருக்கு வெளியே வாழ்வோரின் குரல் சட்டத்திலேயே பொறிக்கப்பட்டிருக்கின்றது.

மூன்றாண்டுகளின் பின்னர், 1916இல், சமஷ்டிக் கமக்கடன் சட்டம் நிறைவேறியது. பத்துக் கமக்காரர் கூடி ஒரு சங்கம் அமைக்கலாம். சங்கத்தின் மூலம் நிலத்தை ஈடு வைத்து, 5 ஆண்டு முதல் 40 ஆண்டு வரையான தவணையில், நூற்றுக்கு 6 வீதத்துக்கு மேற்படாத வட்டியில் கடன் பெறலாம். கடன் பெறுவோன் கடன் தொகையில் நூற்றுக்கு 5 வீதத்தைப் பங்காக வாங்க வேண்டும். ஆகவே கடனாளியே வங்கியின் பங்காளியும் ஆனான். இச்சட்டம் செல்லாது என வழக்குத் தொடுத்தவர்கள் 1921இல் உயர் நீதிமன்றத்தில் தோற்றனர். தொடக்கத்தில் மத்திய அரசு இட்ட முதல் 1947இல் முற்றாகத் திருப்பிச் செலுத்தப்பட்டது. 1980களில் நிலவிலை வீழ்ந்து இவ்வமைப்பு தள்ளாடியபோது, 1987இல் காங்கிரஸ் மீண்டும் கைகொடுத்தது. இன்றும் அது கடன் பெறுவோருக்கே உரிய கூட்டுறவாக நின்று நிலவுகின்றது.

1930 முதல் 1933 வரை ஏறத்தாழ 9,000 வங்கிகள் வீழ்ந்து ஏழைகளின் சேமிப்பு அழிந்தது. 1933ஆம் ஆண்டுச் சட்டம் வைப்புக் காப்புறுதியை ஏற்படுத்தியது. 1934 சனவரியில் 2,500 டொலருடன் தொடங்கிய காப்பு 2008 முதல் 250,000 டொலராக உள்ளது. மாநில வங்கியின் வைப்பாளரையும் இம்மத்தியச் சட்டமே காக்கின்றது. காவல் மத்தியில் இருப்பது நன்று என்பதை நாம் மறுக்கவில்லை.

ஆனால் சமஷ்டி என்ற பெயர் மட்டும் சிறுபான்மையோரைக் காத்துவிடுமா? அதற்கும் அமெரிக்க வரலாறே சாட்சி. அடிமைத்தளையினின்று விடுபட்ட கறுப்பு மக்களின் சேமிப்புக்கென 1865இல் காங்கிரஸ் ஒரு வங்கியை நிறுவியது. அதன் பணம் அரச பிணைமுறிகளிலேயே முதலிடப்பட வேண்டும் என்பது முதல் விதி. 1870இல் விதி தளர்த்தப்பட்டது; ஏழைகளின் பணம் ஊகவணிகரின் கைக்குக் கடனாகச் சென்றது. 1874 மார்ச்சில் பிரெடரிக் டக்ளஸ் தலைமைப் பதவிக்கு அழைக்கப்பட்டபோது காலம் கடந்துவிட்டது. சூன் மாதத்தில் வங்கி மூடப்பட்டது. 61,000க்கு மேற்பட்ட வைப்பாளரின் ஏறத்தாழ 30 இலட்சம் டொலர் முடங்கியது. பணம் அவர்களுடையது, அதை எவருக்குக் கடன் கொடுப்பது என்ற தீர்ப்போ பிறருடையது.

இதன் பின் நூறாண்டு கழித்தே, 1977இல், சமூக மறுமுதலீட்டுச் சட்டம் வந்தது. ஓர் ஊரில் வைப்புப் பெறும் வங்கி அவ்வூரின் கடன் தேவையையும், குறைந்த வருமானமுடையோரின் தேவை உட்பட, நிறைவேற்றக் கடமைப்பட்டது என்கின்றது அச்சட்டம். புதிய கிளைக்கோ வங்கி இணைப்புக்கோ அனுமதி கேட்கும்போது அக்கடமையை எவ்வாறு நிறைவேற்றியது என்பது கணக்கில் எடுக்கப்படும். இது தயவு அன்று, சட்டம்.

நம் நாட்டுக்கு வருவோம். இலங்கை மத்திய வங்கிக்குத் திட்டம் வகுத்தவர் அமெரிக்கச் சமஷ்டி ஒதுக்கு வங்கியிலிருந்து வந்த ஜோன் எக்ஸ்டர். அவருடைய அறிக்கை 1949இல் வெளிவந்தது. 1950 ஆகஸ்டு 28இல் வங்கி திறக்கப்பட்டது. அவரே முதல் ஆளுநர். பன்னிரண்டு வட்டாரங்களைக் கொண்ட நிறுவனத்தில் பணியாற்றியவர் இங்கு அமைத்தது ஒரே மையமுடைய வங்கியை. ஒற்றையாட்சி நாடு கேட்டதை அவர் கொடுத்தார். 2023இல் புதிய மத்திய வங்கிச் சட்டம் இயற்றப்பட்டபோதும் அதன் ஆளும் சபையில் மாகாணங்களுக்கென ஓர் ஆசனமேனும் வைக்கப்படவில்லை.

கிராமிய வங்கிகளின் கதை இன்னும் தெளிவானது. 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மாவட்டந்தோறும் அமைக்கத் தொடங்கிய அபிவிருத்தி வங்கிகள் 1997இல் ஆறு பிரதேச வங்கிகளாக இணைக்கப்பட்டன: ரஜரட்டை, ருகுணு, வயம்ப, ஊவா, கந்தரட்டை, சப்ரகமுவ. வடக்குக்கு ஒன்றுமில்லை, கிழக்குக்கும் ஒன்றுமில்லை. 2010இல் அந்த ஆறும் ஒரே வங்கியாக்கப்பட்டன. இழப்பு தமிழருக்கு மட்டுமா? ஊவாவின் சிங்களக் கமக்காரனும் தன் பிரதேசத்துக்கென இருந்த வங்கியை இழந்தான்.

ஆகவே நாம் கேட்பது மூன்று. நாணயமும், வைப்பாளர் பாதுகாப்பும், வங்கிப் பரிசோதனையும் மத்தியிலேயே இருக்கட்டும். மத்திய வங்கியின் ஆளும் சபையில் மாகாணங்களின் குரலுக்குச் சட்டம் இடம் அளிக்கட்டும். இது முதலாவது. கமக்கடனுக்கும் கூட்டுறவுக் கடனுக்கும் மாகாணச் சட்டத்தின் கீழ் வங்கி அமைக்கும் உரிமை அரசியல் யாப்பில் எழுதப்பட வேண்டும். கடன் பெறுவோர் அதில் பங்காளராக வேண்டும். இது இரண்டாவது. எந்தப் பிரதேசத்தில் வைப்புப் பெறுகின்றதோ அந்தப் பிரதேசத்தின் கடன் தேவையை நிறைவேற்றும் கடமையை ஒவ்வொரு வங்கியின்மீதும் சட்டம் சுமத்த வேண்டும். இது மூன்றாவது.

வெளிநாட்டில் குளிரிலும் பனியிலும் உழைக்கும் பிள்ளை அனுப்பும் பணம் யாழ்ப்பாணத்துக் கிளையில் வைப்பாகின்றது. அதே கிளையின் வாயிலில், போரிலே காணி உறுதியைத் தொலைத்த வன்னிக் கமக்காரன் மனைவியின் தாலிக்கொடியை அடைவு வைக்கக் காத்து நிற்கின்றான். அவ்விருவருக்கும் இடையே நிற்கும் சட்டத்தை ஆக்குவோர் யார் என்பதே அரசியற் கேள்வி. புதிய யாப்பு பற்றிப் பேசச் செல்லும் நம் பிரதிநிதிகள் இக்கேள்வியையும் கையில் எடுத்துச் செல்வார்களாக. கல்வியறிந்தோர் இதற்கான சட்ட வரைவை ஆக்கித் தரட்டும். கமக்காரர் தம் சங்கங்களிலே அதனைத் தீர்மானமாக நிறைவேற்றட்டும். கேளாத உரிமையை எந்த அரசும் தானாக வந்து தந்ததில்லை.