நாலு பேர் தூக்கினால் பாரம் குறையுமா?

ஒரு ஹெலிகாப்டரால் தூக்க முடியாத சுமையா? இரண்டைக் கட்டு, போதாவிட்டால் நான்கைக் கட்டு! இப்படிச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். படித்தவர்கள்தாம் சொல்கிறார்கள். நான் கதை எழுதுகிறவன், எஞ்சினீயர் அல்ல. ஆனாலும் இந்தக் கணக்கு தப்பு என்று அடித்துச் சொல்வேன்.

காகிதமும் பென்சிலும் எடுங்கள். சுமை 4 டன். இரண்டு ஹெலிகாப்டர்கள், ஆளுக்கொரு வடம். பங்கு 2 டன் என்பீர்கள். வடங்கள் செங்குத்தாக நின்றால் சரிதான். ஆனால் அவ்வளவு நெருங்கிப் பறந்தால் சுழல் இறக்கைகள் ஒன்றையொன்று வெட்டிவிடுமே! விலக வேண்டும். விலக விலக வடம் சாயும். செங்குத்திலிருந்து 60 டிகிரி சாய்ந்தால், ஒவ்வொரு வடத்திலும் இழுவிசை முழுசாக 4 டன்! கூட்டாளிகள் ஒருவரையொருவர் இழுத்துக்கொள்வதிலேயே பலமெல்லாம் போகிறது. நடுவே நீள உத்திரம் ஒன்றைத் தொங்கவிட்டு வடங்களை நேராக்கலாம். அந்த உத்திரமும் பாரம்தான், அதுவும் ஆடும்.

ஆட்டம் என்றேனே, அதுதான் விஷயம். 30 மீட்டர் வடத்தில் தொங்கும் சுமை ஒருமுறை போய்வர ஏறக்குறைய 11 விநாடி ஆகும். விமானி அதைக் கண்டு திருத்தப் பார்க்கிறார். கை சற்றுத் தாமதித்தால் போதும். நிறுத்த வந்தவர் ஊஞ்சலை உந்திவிட்டவர் ஆகிறார்.

1986 ஜூலை 1-ந் தேதி, அமெரிக்காவில் லேக்ஹர்ஸ்டில் நடந்ததைப் பாருங்கள். 1937-ல் ஹிண்டன்பர்க் ஆகாயக் கப்பல் எரிந்து விழுந்த அதே ஊர். காட்டு மரங்களைத் தூக்குவதற்காக வன இலாகாவுக்கென்று செய்த ஹெலிஸ்டாட் அங்கே சோதனையில் இருந்தது. ஆகாயக் கப்பலின் வாயுப் பையின் கீழே ஒரே சட்டத்தில் நான்கு ஹெலிகாப்டர்களைப் பிணைத்திருந்தார்கள். தரையில் சக்கரங்கள் நடுங்கத் தொடங்கின. நடுக்கத்தை அடக்கும் கருவி அவற்றில் இல்லை. நடுக்கம் சட்டமெங்கும் பரவி வளர்ந்தது, சட்டம் முறிந்தது, ஹெலிகாப்டர்கள் பிய்த்துக்கொண்டன. ஒரு விமானி மாண்டார். தனித்தனியே ஒழுங்காகப் பறந்த இயந்திரங்கள்தாம். சேர்த்துக் கட்டியதும், எதனிடமும் இல்லாத ஓர் ஆட்டம் பிறந்துவிட்டது.

"தலைவன் ஒருவன் ஆணையிடட்டும், மற்றவர் பின்பற்றட்டும்" என்று அடுத்த யோசனை வருகிறது. ஆணை நமக்குப் பிடித்த பதார்த்தம் ஆயிற்றே! அடுத்தவன் வடம் எப்படி இழுக்கிறது என்று தலைவனுக்கு எப்படித் தெரியும்? பல்லக்குத் தூக்குகிறவன் முன்னால் போகிறவனின் முதுகைப் பார்த்து மட்டுமா நடக்கிறான்? தோளில் பாரம் எப்படி மாறுகிறது என்று தோளே சொல்கிறது. கால் அதற்கேற்ப விழுகிறது. பின்னூட்டம் என்று விஞ்ஞானிகள் சொல்வது இதைத்தான். பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் 2007-ல் ஆளில்லாத மூன்று சிறிய ஹெலிகாப்டர்களால் ஒரே சுமையைத் தூக்கிக் காட்டினார்கள். கயிற்றின் இழுவிசையை அளக்கும் கருவியை வைத்து, அந்த அளவைக் கொண்டு அவ்வப்போது திருத்திக்கொண்டார்கள். தூக்கியது சில கிலோதான். ஆனால் வழி சரியான வழி.

"அப்படியானால் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும்" என்று உடனே கைகழுவுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நீராவி எஞ்சினின் வேகத்தை அடக்கும் கவர்னரைப் பற்றி மாக்ஸ்வெல் 1868-லேயே கணக்குப் போட்டு எழுதினார். திருத்தும் கருவியே ஆட்டத்தை வளர்த்துவிடக்கூடும் என்பது அதில் வந்த உண்மை. அளவு மீறிய திருத்தமும், காலம் தப்பிய திருத்தமும், திருத்தாமல் விடுவதைவிடக் கேடு.

ஆகவே, எத்தனை டன் தூக்கும் என்று மார்தட்டுகிறவரிடம் நான் இரண்டே கேள்விகள் கேட்பேன். சுமை ஆடினால் உங்களுக்கு எப்படித் தெரியும்? தெரிந்தபின் எத்தனை விநாடியில், எவ்வளவு திருத்துவீர்கள்? பதில் இல்லையென்றால், நாலாவது ஹெலிகாப்டரைக் கட்டாதீர்கள். அதற்குள்ளும் ஒரு மனிதன் உட்கார்ந்திருப்பான்.