சேற்றுக்குள் இருக்கும் காய்ச்சல்

"காய்ச்சலால் விவசாயி மரணம்" என்ற இரண்டு வரிச் செய்தியைப் பத்திரிகை வாழ்வில் எத்தனையோ தடவை செப்பனிட்டு அச்சுக்கு அனுப்பியிருக்கிறேன். என்ன காய்ச்சல் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அந்தக் கேள்வியைத்தான் இப்போது எழுப்புகிறேன்.

மாத்தளை என்றதும் வெளியூரவர் நினைப்பது தேயிலையும் மிளகும்தான். வடக்கே நாவுல, கலேவெல, தம்புள்ளை என்று இறங்கினால் குளமும் வயலும் மரக்கறித் தோட்டமுமாக அது வேறோர் உலகம். அங்கே மழைக்காலத்தில் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டால் டெங்கு அல்லது எலிக்காய்ச்சல் என்றே ஐயுறுவோம். மெலியோய்டோசிஸ் என்ற பெயர் எவர் வாயிலும் வருவதில்லை.

ஈரமண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் ஒரு பற்றீரியா தரும் நோய் இது. கால்வெடிப்பின் வழியாகவும் மூச்சின் வழியாகவும் உடலுக்குள் புகும். நீரிழிவு உள்ளவர்களையே அதிகம் தாக்கும். ரங்கூனில் விட்மோரும் அவருடைய உதவியாளர் கிருஷ்ணசுவாமியும் 1912 இல் இதை விவரித்தார்கள். நோய்க்கு விட்மோரின் பெயர் நிலைத்தது, கிருஷ்ணசுவாமியை மறந்துவிட்டோம். 1927 இல் கொழும்பில் ஐரோப்பியத் தேயிலைத் தரகர் ஒருவரிடம் இந்நோய் கண்டறியப்பட்டது. அதன்பின் பல பத்தாண்டுகள் இலங்கையில் இதைப் பற்றிப் பேச்சே அதிகமில்லை. 2006 முதல் ஆய்வுகூடங்கள் கவனித்துத் தேடத் தொடங்கின. 2017 க்குள் உறுதிப்படுத்தப்பட்ட நோயாளர் தொகை இருநூறைத் தாண்டியது. தேடியதனால்தான் கிடைத்தது.

இந்தக் கிருமியைச் சுற்றிச் சர்க்கரைப் பொருளாலான உறை ஒன்று உண்டு. நமது குருதியிலுள்ள காவற்பொருட்கள் கிருமியில் ஒட்டாதபடி தடுப்பது அதுவே. உறையை உருவாக்க இயலாதவாறு மாற்றப்பட்ட கிருமி, ஆய்வக விலங்குகளைக் கொல்லும் வலிமையைப் பெருமளவு இழந்தது.

மருந்துக்கு அடங்காமைக்கும் இந்த உறைதான் காரணம் என்றே கலைப் பட்டதாரியான நானும் எண்ணியிருந்தேன். அது தவறு. மருந்தைச் சிதைக்கும் நொதியும், உட்புகுந்த மருந்தை வெளியே இறைத்துவிடும் 'பம்பி'களும் கிருமிக்குள்ளேயே இருக்கின்றன. ஆகவேதான் பெனிசிலினும் ஜென்டாமைசினும் பெரும்பாலும் பயன் தருவதில்லை. செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனம் குறைந்தது பத்து நாட்களுக்கு மேல் ஊசிவழி ஏற்றப்பட வேண்டும். பின்னர் கோ-ட்ரைமொக்சசோல் மாத்திரையை மூன்று மாதம் விழுங்க வேண்டும். காய்ச்சல் விட்டது என்று இடையில் நிறுத்தினால் நோய் திரும்பும்.

இப்போது வழக்கமாக நடப்பதை நினைத்துப் பாருங்கள். காய்ச்சல்காரர் மருந்துக் கடையில் சீட்டின்றி அமொக்சிசிலின் வாங்குகிறார். நான்கு நாள் வீணாகிறது. பிறகு வைத்தியசாலைக்குப் போகிறார். அங்கு எடுக்கும் குருதியில், அரைகுறையாக உண்ட மருந்தின் காரணமாகக் கிருமி வளராமலும் போகலாம். உலகெங்கும் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 89,000 பேர் இந்நோயால் இறப்பதாக 2016 இல் வெளியான மதிப்பீடு கூறுகிறது.

என் கருத்து எளிது. வயலில் இறங்குபவருக்கு, அதிலும் நீரிழிவு உள்ளவருக்கு, கடுங்காய்ச்சல் கண்டால் முதல் ஊசிக்கு முன்பே குருதியை வளர்ப்புப் பரிசோதனைக்கு எடுக்க வேண்டும். சீட்டின்றி நுண்ணுயிர்க்கொல்லி விற்பது நிற்க வேண்டும். கிருமியை ஒளித்துவைக்கும் அதே உறையைக் கொண்டு, சீழிலும் வளர்த்தெடுத்த மாதிரியிலும் அதனை விரைவில் இனங்காணும் சோதனைப் பட்டைகள் வந்துவிட்டன. அவை மாவட்ட மட்டத்துக்கும் வரவேண்டும்.

அதுவரை நம் கையில் இருப்பது ஒன்றுதான். வைத்தியரிடம் போகும்போது, "ஐயா, நான் சேற்றில் வேலை செய்கிறவன், எனக்குச் சீனி வருத்தமும் இருக்கிறது" என்று கேட்காமலே சொல்லிவிடுங்கள்.